முதலில் வேலையைக் கேளுங்கள்

கடல் தண்ணீரின் உப்புச் செறிவு, டிகிரிக் கணக்கில் சுமார் 3. அதைத் தெப்பத்தில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, பாத்தி பாத்தியாக நகர்த்திக்கொண்டே போனால் 25 டிகிரிக்கு மேல் உப்பு இறங்க ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். அதற்குள் உப்பை வாரியாக வேண்டும். மிச்சத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் வாருபலகை பிடிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. டிகிரி பார்க்கும் கருவி அவர் கையில் இருக்காது. தண்ணீரின் நிறம் மாறுவதையும், மேலே மெல்லிய ஏடு படர்வதையும் பார்த்தே சொல்லிவிடுவார்.

அவர் முன்னால் போய் நின்று, "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் என்ன சொல்வார்? "என்னத்தச் சொல்ல... ஏதோ பொழப்பு ஓடுது" என்பார். முப்பது வருட உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். அதையே தலைப்பாக்கி, வெடித்த பாதங்களின் படத்தைப் போட்டு ஒரு பக்கக் கட்டுரையும் வந்துவிடும். படிப்பவர் 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

"எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால், விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்ப வேண்டும். அப்படியானால் உலை வைப்பது எப்போது? பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார்? இருட்டில் உப்பளம் வரை எப்படிப் போகிறார்கள்? அங்கே குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, ஒதுங்க இடம் இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும் மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது? கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணத்தில் போய் நிற்கும். அது யார் யாருக்குக் கிடைத்தது, நல வாரியத்தில் பதிவு இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்ற விசாரணையும் கூடவே தொடங்கிவிடும்.

சாதாரண மனிதர்களின் அன்றாடத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது என்று தெரிந்தும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களுக்குச் சொல்ல இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனைதான் உண்டு. துயரத்தைக் கேட்டுப் போகாதீர்கள், வேலையைக் கேட்டுப் போங்கள். என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், எதைக்கொண்டு செய்கிறார்கள், அதற்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேளுங்கள். துயரம், சந்தோஷம், அவமானம், சாதி, கடன், காதல் எல்லாம் அந்த வேலையின் வழியாகவே வந்து சேரும்.

உப்பளத்துக்குப் போன நாவலாசிரியர்

இந்த வழியில் முன்னால் நடந்தவர் ராஜம் கிருஷ்ணன். 1925-இல் முசிறியில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லை. சிறு வயதிலேயே திருமணம். மின்பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்தபோது படகர் மக்களோடு பழகினார். அதிலிருந்து பிறந்த 'குறிஞ்சித் தேன்' 1963-இல் வெளிவந்தது. அதன்பிறகு ஊர்களையும் தொழில்களையும் தேடி அவரே கிளம்பினார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்', மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', தஞ்சை வயல்களில் உழைப்பவர்களைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்', தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்'. வீட்டுப் பெண்ணாக இருந்துகொண்டு இத்தனை தொழில்களுக்குள் நுழைந்து பார்த்த இன்னொருவரைத் தமிழில் சொல்வது கடினம். 1973-இல் சாகித்திய அகாதெமி பரிசு 'வேருக்கு நீர்' நாவலுக்காக வந்தது. 2014-இல் மறைந்தார்.

அவருடைய நாவல்களில் தகவல் அதிகம், கலை குறைவு என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதற்குப் பதிலாக அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். ஆனாலும் 'கரிப்பு மணிகள்' காட்டும் உப்பளத்துக் கூலியையும், காண்டிராக்ட் முறையையும், வேலைக்கு வரும் பெண்கள் படும் தொல்லைகளையும் அந்த அளவுக்கு விவரமாக வேறு எந்த நாவல் சொன்னது? கலை நயம் மிகுந்த எத்தனையோ நாவல்களில் மனிதர்கள் சம்பளம் வாங்குவதே இல்லை. என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதுகூட ஒரு வரியில் முடிந்துவிடும். ராஜம் கிருஷ்ணனின் மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள், கூலி வாங்குகிறார்கள், அந்தக் கூலி போதாமல் தவிக்கிறார்கள்.

பனைமரமும் ஒரு கூட்டல் கணக்கும்

1990-களில் இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களைத் தேடிப் போன பத்திரிகையாளர் பி. சாய்நாத், தமிழ்நாட்டில் இராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் வந்தார். அந்தப் பயணங்களின் கட்டுரைகள் 1996-இல் புத்தகமாயின. இராமநாதபுரத்தில் அவர் பார்த்தவர்களில் பனையேறிகளும் உண்டு. ஒரு பனையேறி ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறார் என்று அவர் கூட்டிப் பார்த்தார்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். மரம் ஒன்று 30 அடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒருவர் பார்க்கும் மரங்கள் 30. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மொத்தம் 1,800 அடி. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அதன் உச்சிக்கு தினமும் பத்து முறை ஏறி இறங்குவதற்குச் சமம் இது. இங்கே படிக்கட்டு கிடையாது. பிடிமானத்துக்குக் கால்களில் மாட்டிய நார்க்கயிறும், மரத்தைக் கட்டிக்கொண்ட மார்பும்தான். இடுப்பில் அரிவாள் பெட்டியும் கலயமும் தொங்கும்.

இந்த ஒரு கணக்கு செய்வதை, 'பனையேறிகளின் வாழ்க்கை மிகவும் கடினமானது' என்ற வாக்கியத்தை ஆயிரம் முறை எழுதினாலும் செய்ய முடியாது. அதைப் போட வேண்டுமென்றால் மூன்று கேள்விகள் கேட்டிருக்க வேண்டும்: எத்தனை மரம், எவ்வளவு உயரம், எத்தனை தடவை? மூன்றுமே வேலையைப் பற்றிய கேள்விகள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போகலாம். மேலே ஏறியவர் பாளையை இடுக்கியால் நசுக்குகிறார். கூர்மையான அரிவாளால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். சீவிய இடத்திலிருந்து சொட்டுவது கலயத்தில் விழுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீர். பூசவில்லை என்றால் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீருக்குத் தடையில்லை, கள் 1987 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். மரம் ஒன்று, ஏறுபவர் ஒருவர், சீவும் கை ஒன்று. சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அவர் தொழிலாளியா, குற்றவாளியா என்பது இருக்கிறது. "கலயத்துக்குள்ள என்னண்ணே தடவுறீங்க?" என்று கேட்டவருக்குத்தான் இந்தக் கதை கிடைக்கும். அதிலிருந்து காவல் நிலைய வழக்கு, டாஸ்மாக் அரசியல், கருப்பட்டியில் சீனி கலக்கும் வியாபாரம், மகனுக்கு ஏன் மரமேறச் சொல்லித்தரவில்லை என்பது வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

புதுக்கோட்டையில் சாய்நாத் எழுதியது சைக்கிளைப் பற்றி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மிதித்தார்கள். கேலி செய்தவர்களையும் கடந்துபோனார்கள். 'பெண் விடுதலை' என்ற பெரிய தலைப்பில் எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் சாய்நாத் கட்டுரையில் என் மனதை விட்டு அகலாத விவரம் மிகச் சிறியது. பல பெண்கள் ஆண்களுக்கான சைக்கிளையே விரும்பினார்களாம். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆண்கள் சைக்கிளின் நடுவே ஓடும் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்களிடம் 'விடுதலை அடைந்ததாக உணர்கிறீர்களா' என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. ஏன் இந்த சைக்கிள் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு வரி

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வரும்போது நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும்: ஆட்டோ ஓட்டுநர் மகள் மாவட்டத்தில் முதலிடம். கட்டுமானத் தொழிலாளி மகன் மருத்துவம் படிக்கப் போகிறார். நல்ல செய்திகள்தான், வரட்டும். அந்தப் பிள்ளைகளைக் கொண்டாடுவதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை. என் வருத்தமெல்லாம் அந்த அப்பாவைப் பற்றியது. மகள் அந்த வாழ்க்கையை விட்டு வெளியேறும்போதுதான் அந்த வாழ்க்கை நமக்குச் செய்தியாகிறது. அதிலேயே இருபத்தைந்து வருடமாக இருப்பவருக்கு ஒரு வரி. 'எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு சார்' என்ற பேட்டியோடு அவர் முடிந்துபோகிறார்.

வண்டி சொந்த வண்டியா, வாடகையா? வாடகை என்றால் நாளுக்கு எவ்வளவு? சொந்த வண்டி என்றால் டியூ எத்தனை மாதம் பாக்கி? எஃப்.சி.க்குப் பணம் எங்கே புரட்டினார்? தண்டல்காரர் எந்த நேரத்தில் வருவார்? செயலியில் சவாரி எடுப்பதற்கும் ஸ்டாண்டில் காத்திருப்பதற்கும் என்ன வித்தியாசம்? மகளின் டியூஷன் கட்டணம் கட்டிய மாதத்தில் எந்தச் செலவைத் தள்ளிப்போட்டார்கள்? இதையெல்லாம் கேட்டு எழுதினால் அது ஒரு நகரத்தின் பொருளாதாரக் கட்டுரையாகிவிடும். மாணவி முதலிடம் பிடித்த செய்திக்கு ஒரு நாள் ஆயுள். இந்தக் கட்டுரை பத்து வருடம் கழித்தும் ஒருவருக்குத் தேவைப்படும்.

வார இதழ் வாசகர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் பிடிக்காது, பரபரப்பு வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. உ.வே. சாமிநாதையர் தன் பிள்ளைப் பருவத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும், பாடம் கேட்கத் தந்தையோடு ஊர் ஊராக அலைந்ததையும் 'என் சரித்திர'மாக எழுதியது ஆனந்த விகடனில்தான். 1940-இல் தொடங்கி 1942-இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் அது வந்தது. ஜெயகாந்தன் குடிசைப் பகுதி மக்களையும் ரிக்‌ஷாக்காரர்களையும் 1960-களில் கொண்டுவந்து நிறுத்தியதும் அதே போன்ற வார இதழ்ப் பக்கங்களில்தான். தமிழ் வாசகர்கள் அப்போது முகம் திருப்பவில்லை. இப்போதும் திருப்ப மாட்டார்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கும் இதே வழி பயன்படும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973-இல் வந்த சின்ன நாவல். சென்னையின் ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அவ்வளவுதான் கதை என்று சொல்லிவிடலாம். ஜமுனா என்ற பெண்ணின் தனிமை, அவளுக்கும் தங்கைக்கும் நடுவிலான கசப்பு, மெல்ல அவளுக்குள் ஊறி வரும் துணிவு எல்லாம் அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குள்ளேயே நடக்கின்றன. கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் பிள்ளைகள் வீட்டுக் கதவில் ஏறி ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இடைசெவல் விவசாயி ஒருவருக்குத்தான் தோன்றும் கதை அது. ஒரு குடும்பத்தின் வறுமையைச் சொல்ல அவருக்கு ஒரு கதவு போதுமாக இருந்தது. அவரே பின்னாளில் கரிசல் பூமியின் சொற்களைச் சேர்த்து 1982-இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். கலப்பையின் உறுப்புக்கும் மழையின் வகைக்கும் மாட்டின் குணத்துக்கும் மக்கள் வைத்திருக்கும் பெயரெல்லாம் தெரிந்தவரால்தான் அந்த மக்களின் கதையைச் சொல்ல முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தையல்காரர் சொன்ன இரண்டு வருடம்

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறது. பெயரில்தான் புதுசு, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. அதன் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்களைப் போட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாமி துணி, நாட்டிய உடை, சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் அணியும் வேட உடை எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று அண்மையில் கடைகளைப் பக்கத்துக் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்படி இடம்பெயர்ந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தை விட்டு வந்தது வருத்தமா என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். சிவப்பு சாட்டினில் சரிகைப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைக்கான உடை.

"பிள்ளைய பாக்காம எப்படிண்ணே அளவு தெரியும்?"

"வயச சொன்னாப் போதும். ஆனா கரெக்டா வெட்டக் கூடாது. நேர்த்திக்கடன் மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு வேண்டியிருப்பாக. வருஷா வருஷம் புதுசு வாங்க முடியுமா எல்லாராலயும்? உள்ள ஒரு சாண் மடிச்சு விட்டுருவேன். அடுத்த வருஷம் கொண்டாந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

துணியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் இரண்டு மடிப்பு. ஒவ்வொன்றும் நீளத் தையலில், இழுத்தால் பிரிந்துவிடும்படி தைத்திருந்தது. வெளியே தெரியும் தையல் நெருக்கமாக, உறுதியாக இருந்தது.

"பிரிச்சு விட எல்லாரும் வருவாகளாண்ணே?"

"பெரும்பாலும் வருவாக. அந்தக் கொரோனா ரெண்டு வருஷந்தான் யாரும் வரல. அழகரே ஆத்துக்கு வரலையே. அதுக்குப் பெறகு திருவிழா நடந்தப்ப வந்தாக பாருங்க, அத்தன பிள்ளைகளும் வளந்துருச்சுக. ரெண்டு மடிப்பையும் பிரிச்சும் பத்தல. கீழ வேற துணி ஒட்டுப் போட்டுக் குடுத்தேன்." கொஞ்ச நேரம் இயந்திரத்தை மிதித்துவிட்டுச் சொன்னார்: "அப்பா கூட்டிட்டு வந்த பிள்ளைய அந்த வருஷம் மாமா கூட்டிட்டு வந்தாரு. அப்படி நாலஞ்சு பேரு. நான் ஒண்ணும் கேட்டுக்கல தம்பி."

2020-லும் 2021-லும் அழகர் வைகையில் இறங்கும் வைபவம் வழக்கம்போல நடக்கவில்லை, பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நிகழ்ச்சிகள் முடிந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த இரண்டு வருடம் மதுரையின் வீடுகளில் என்ன செய்துவிட்டுப் போனது என்பதை ஒரு தையல்காரரின் மடிப்புக் கணக்கில்தான் நான் தெரிந்துகொண்டேன். அவரிடம் கொரோனாவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

காது கொடுக்க வேண்டிய காலம்

புதுச்சேரிக்கு அருகே ஒரு சேரியில் வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கைக் கதை, 1990-களில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அதைக் கேட்டுப் பதிவு செய்தவர் தமிழ்ப் பெண்ணான ஜோசியான் ரசின். கணவர் ழான்-லுக் ரசினோடு சேர்ந்து நூலாக்கினார். நாட்டார் பாடல்களில் ஈடுபாடு கொண்டவர் ஜோசியான். வீரம்மாவோ தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரை பாடத் தெரிந்தவர். பாட்டில் தொடங்கிய பழக்கம் ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்தது. கல்யாணம், பிள்ளைப்பேறு, பண்ணை வேலை, பேய் பிசாசு, சாதிக் கொடுமை, சிரிப்பு எல்லாம் அந்தப் பழக்கத்தில் வந்து சேர்ந்தன. பாட்டும் ஒரு வேலைதான். இறப்பு வீட்டில் ஒப்பாரி பாடுவது எப்படி என்று தெரிந்தவரிடம் அதைக் கேட்கும்போது, அவர் யார் யாருக்காக அழுதார் என்ற கதையும் வருகிறது.

பெலாரஸ் நாட்டின் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற சோவியத் பெண்களைத் தேடித் தேடிக் கேட்டார். துப்பாக்கி சுட்டவர்கள் மட்டுமல்ல. சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள் எல்லோரும் அதில் உண்டு. ஆண்கள் சொன்ன போர்க் கதைகளில் படைகளும் வெற்றிகளும் இருந்தன. இந்தப் பெண்களிடம் அளவுக்குப் பெரிதான ஆண்கள் பூட்ஸும், வெட்டப்பட்ட கூந்தலும் இருந்தன. இப்படிப் பலர் குரலையும் சேர்த்து எழுதியதற்கு 2015-இல் நோபல் பரிசு வந்தது.

வார இதழுக்கு எழுதுகிறவருக்குப் பத்தாண்டு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது முறை போகலாம். முதல் சந்திப்பில் மனிதர்கள் நமக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து அதைச் சொல்வார்கள். மறுபடி போய் நிற்கும்போதுதான், இந்த ஆள் நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்ற நம்பிக்கை வரும். முடிந்தால் வேலை தொடங்குவதிலிருந்து முடிவதுவரை ஒரு முறையாவது கூடவே இருங்கள். கருவிகளுக்கு அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மரியாதையாகக் கேட்டால் உழைப்பவர்கள் கூலிக் கணக்கைச் சொல்லத் தயங்குவதில்லை. பேச்சு நின்றுபோனால் அடுத்த கேள்வியை அவசரமாகத் திணிக்காதீர்கள். தையல்காரர் இயந்திரத்தை மிதித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஏதாவது கேட்டிருந்தால், மாமா கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை என் காதுக்கு வந்திருக்காது.

வேலையைக் கேட்பது எல்லோருக்கும் பிடித்தமான காரியமாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வேலைக்கும் சாதிக்கும் உள்ள உறவு அப்படி. மலம் அள்ளும் தொழிலில் மனிதர்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் மீண்டும் வலுவாகக் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகும் அந்த வேலை தமிழ்நாட்டில் எப்படி நடக்கிறது என்பதை 2017-இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் காட்டினார். எதைக்கொண்டு அள்ளுகிறார்கள், கையுறை இருக்கிறதா, யார் அனுப்புகிறார்கள் என்று படம் வேலைக்கு மிக அருகில் போய் நின்றது. படத்தைத் திரையிடுவதற்குத் தடைகள் வந்தன. இயக்குநர் மீது வழக்குகளும் வந்தன. பரிதாபப்பட்டு எழுதுகிறவரோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று எழுதும்போது, அந்த வேலையை வாங்குகிறவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அதனாலேயே சொல்பவரின் பாதுகாப்பு எழுதுகிறவரின் பொறுப்பாகிறது. கங்காணியைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் ஒருவர் நம்பிச் சொன்னதை அப்படியே பெயரோடும் படத்தோடும் போட்டால், இதழ் வெளியான மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'இதை எடுத்துருங்க' என்றால் எடுத்துவிடுங்கள். பிறகு இதழின் ஒரு பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். எத்தனையோ பேர் நம் இதழ்களுக்குக் கதை கொடுத்திருக்கிறார்கள். தங்களைப் பற்றி என்ன வந்தது என்று பார்க்காதவர்களே அவர்களில் அதிகம். இது நம் துறை திருத்திக்கொள்ள வேண்டிய வழக்கம்.

ஊடகங்கள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதி வைத்தார். தன் நாளில் நடந்ததைத்தான் எழுதினார். இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி ஆராய்கிறவர்கள் அதைத் தொடாமல் போக முடியாது. சாய்நாத் 2014-இல் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி', இந்தியா முழுவதிலிருந்தும் உழைப்பாளிகளின் கதைகளைப் பதிவு செய்கிறது, தமிழிலும் வருகிறது. இருந்தும் அது நம் ஊர் ஒவ்வொன்றுக்கும் வந்து சேர முடியாது.

உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். நெல் அவித்த பாட்டி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்பு கொடுத்த அத்தை, மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்த தாத்தா, லாரியில் கிளீனராகப் போய் டிரைவரான சித்தப்பா. பதிவு செய்யும் கருவி உங்கள் சட்டைப் பையில் செல்போனாக இருக்கிறது. வரும் பொங்கல் விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாள் வேலைக்குப் போனபோது என்ன சொல்லிக்கொடுத்தார்கள், முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினார், கருவி எப்படி இருந்தது, கை எங்கே வலித்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல், ஊர், ஆண்டு, கூலி மூன்றையும் விடாமல் எழுதி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு இன்னொன்றை எங்களுக்கு அனுப்புங்கள்.